அடி தட்டும் மேடுகள்: சாலை வடிவமைப்பு மறந்திருந்த ஓர் அளவின் வரலாறு

சாலை அமைப்போர் வண்டியின் எடையையும் அகலத்தையும் மிகப் பழங்காலத்திலேயே கணக்கில் எடுத்துக்கொண்டனர். பாலங்களும் மின்கம்பிகளும் சாலையைக் குறுக்கிட்டபோது உயரமும், மோட்டார் வாகனம் வேகம் பிடித்தபோது ஓட்டுநரின் கண்பார்வை எட்டும் தூரமும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே எஞ்சியிருக்கும் சில அங்குல இடைவெளி மட்டும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை எந்த விதிநூலிலும் தனக்கென ஓர் அத்தியாயம் பெறவில்லை. நீளமான, தாழ்ந்த வண்டி ஒன்று மேட்டின் உச்சியில் அடி தட்டி, முன்சக்கரமும் பின்சக்கரமும் பிடிமானம் இழந்து நின்றுவிடுவது ஓட்டுநரின் கவனக்குறைவாகவோ தனிப்பட்ட துரதிர்ஷ்டமாகவோ கருதப்பட்டதே தவிர, சாலையின் வடிவத்தில் உள்ள குறையாகக் கருதப்படவில்லை. இந்தக் கருத்து மாறிய வரலாறு பெரும்பாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. குறிப்பாக, சாலை இருப்புப்பாதையைச் சமதளத்தில் கடக்கும் லெவல் கிராசிங்குகளில் நிகழ்ந்தது.

அடி தட்டுவதன் கணக்கு எளியது. முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே உள்ள நீளம் சக்கர இடைத்தூரம் எனப்படும். வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி தரை இடைவெளி எனப்படும். ஏற்றமும் இறக்கமும் கூரையின் முகடுபோல ஒரே கோட்டில் சந்திக்கும் மேட்டில் வண்டி நடுவாக நிற்கும்போது, அந்த முகடு முன்சக்கரமும் பின்சக்கரமும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு மேலே எவ்வளவு எழுகிறதோ அவ்வளவு தரை இடைவெளி அந்த வண்டிக்கு வேண்டும். இரண்டு மீட்டர் சக்கர இடைத்தூரமும் 60 சென்டிமீட்டர் தரை இடைவெளியும் கொண்ட ஒரு குதிரை வண்டி தட்ட வேண்டுமானால் இருபுறமும் சாய்வு 60 சதவீதமாக இருக்க வேண்டும்; அப்படி ஒரு சரிவில் குதிரையே ஏறாது. 2.6 மீட்டர் இடைத்தூரமும் 15 சென்டிமீட்டர் இடைவெளியும் கொண்ட காருக்கு ஏறத்தாழ 11.5 சதவீதம் போதும். 11 மீட்டர் இடைத்தூரமும் 13 சென்டிமீட்டர் இடைவெளியும் கொண்ட தாழ்தள டிரெய்லருக்கோ இருபுறமும் 2.4 சதவீதச் சாய்வு இருந்தாலே போதும். சாதாரணக் கண்ணுக்கு அது மேடாகவே தெரியாது; ஓட்டுநரும் அதைக் கண்டு தயங்கி நிற்கமாட்டார்.

பழைய வண்டிகளின் சக்கரங்கள் பெரியவை, அச்சு உயரத்தில் இருந்தது, உடல் அச்சுக்கு மேலே அமர்ந்திருந்தது. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டனின் கால்வாய்ப் பாலங்கள் எவருக்கும் அடி தட்டும் சிக்கலைத் தரவில்லை. விலங்கு இழுக்க முடிந்தால் வண்டி கடந்துவிடும். ஜேம்ஸ் பிரிண்ட்லி வகுத்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. அவர் 1766இல் தொடங்கிய டிரென்ட் - மெர்ஸி கால்வாய் அவர் மறைந்த பிறகு 1777இல் முடிந்தது. இத்தகைய கால்வாய்கள் நிலத்தின் சமமட்டக் கோட்டைத் தழுவிச் சென்றதால் நீர்மட்டம் பெரும்பாலும் சுற்றியுள்ள வயல்களின் மட்டத்தை ஒட்டியே இருந்தது. கால்வாய் இரண்டாகப் பிளந்த பண்ணைகளையும் ஊர்ச்சாலைகளையும் மீண்டும் இணைக்க நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் பாலங்கள் கட்ட வேண்டியிருந்தது. அடியில் படகும் அதை இழுக்கும் குதிரையும் நுழைய இடம் விட வேண்டும், ஆனால் இருபுறமும் நீண்ட மண்கரை எழுப்பினால் செலவு ஏறும், நிலமும் வாங்க வேண்டும். விளைவாக, குறுகிய, செங்குத்தாக எழுந்து செங்குத்தாக இறங்கும் செங்கல் வளைவுகள் தோன்றின. ஓவியர்களுக்குப் பிடித்துப்போன அந்தக் கூன்முதுகுப் பாலங்கள் உண்மையில் பணத்தை மிச்சம் பிடித்த கணக்கின் வடிவங்கள். அவற்றுள் பல இன்றும் அடி தட்டும் அபாயத்தைக் காட்டும் எச்சரிக்கைப் பலகையோடு நிற்கின்றன.

இருப்புப்பாதை வந்தபோது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்தப் பாடத்தைப் பாதி கற்றிருந்தது. 1845ஆம் ஆண்டின் ரயில்வே விதித்தொகுப்புச் சட்டம், பாதைக்கு மேலே சாலையை எடுத்துச் செல்லும் பாலத்தின் ஏற்றம் சுங்கச்சாலையானால் 30 அடிக்கு ஓர் அடி, பொது வண்டிச்சாலையானால் 20 அடிக்கு ஓர் அடி, தனியார் சாலையானால் 16 அடிக்கு ஓர் அடி என்ற அளவை மீறலாகாது என்று வரையறுத்தது. குதிரையின் இழுவைத் திறனை அளவுகோலாகக் கொண்டு எழுதப்பட்ட விதி இது. ஏற்றம் இறக்கமாக மாறும் உச்சியில் அந்த மாற்றம் எத்தனை அடி நீளத்தில் நிகழ வேண்டும் என்பதைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. சாய்வுக்கு எல்லை வகுத்துவிட்டுச் சாய்வின் மாற்றத்தை விட்டுவிட்ட இந்த இடைவெளியே பின்னால் வந்த எல்லாத் தொல்லைக்கும் வேர் என்று கூறலாம். ஆனால் 1845இல் அதை எழுதியவர்களைக் குறைகூற இயலாது. அந்தக் காலத்துச் சாலைகளில் ஓடிய வண்டிகளுக்கு அது தேவைப்படவில்லை.

சாய்வின் மாற்றத்தை மென்மையாக்கும் கலையை முதலில் வளர்த்தவர்கள் இருப்புப்பாதைப் பொறியாளர்களே. நீண்ட ரயில் திடீர் முகட்டைக் கடக்கும்போது பெட்டிகளை இணைக்கும் கொக்கிகள் இழுபட்டு அறுந்துபோகும் அபாயம் இருந்ததால், இரு சாய்வுகளுக்கிடையே செங்குத்து வளைவு ஒன்றை, பெரும்பாலும் பரவளையத்தை, அவர்கள் பொருத்தினர். பரவளையத்தில் சாய்வு சீராக மாறுகிறது. ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் எளிய பெருக்கலால் கண்டுவிடலாம் என்பதால் களத்தில் நிற்கும் அளவையாளருக்கும் அது வசதி. நெடுஞ்சாலைத் துறைகள் இந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டன, ஆனால் அவர்களுடைய காரணம் வேறு. வேகமாக வரும் ஓட்டுநர் முகட்டுக்கு அப்பால் உள்ள தடையைக் கண்டு வண்டியை நிறுத்தப் போதுமான தூரம் பார்வைக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் அக்கறை. 1914இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அலுவலர் சங்கம் 1940இலும் 1954இலும் வெளியிட்ட கொள்கை நூல்களில் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது.

அந்த நாலரை அடி நிலைக்கவில்லை. பேக்கார்ட் நிறுவனம் 1926இல் பின்அச்சில் ஹைபாய்டு பற்சக்கரத்தைப் புகுத்தி, எஞ்சினிலிருந்து பின்அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டை அச்சுமையத்துக்குக் கீழே இறக்கியது. அதனால் காரின் தளம் தாழ வழி பிறந்தது. 1948இன் ஹட்சன் கார் தளத்தைச் சட்டகத்தின் மேல் வைக்காமல் அதன் உள்ளேயே இறக்கி, பயணி ஏறுவதற்குப் பதிலாகப் படி இறங்கி உட்காரும்படி செய்தது. தாழ்ந்த கார் வளைவில் அதிகம் சாயாது, பார்வைக்கும் வேகமாகத் தோன்றும் என்பதால் மற்ற நிறுவனங்களும் அதே வழியில் சென்றன. 1965இல் நெடுஞ்சாலைக் கொள்கை நூல் கண்ணின் உயரத்தை மூன்றேமுக்கால் அடியாகவும் 1984இல் மூன்றரை அடியாகவும் குறைத்தது. ஓட்டுநர் தாழ்ந்தால் முகட்டுக்கு அப்பால் தெரிவது குறையும். அதே பார்வைத் தூரத்துக்கு வளைவை நீட்ட வேண்டும். கார் தாழ்ந்ததைச் சாலைப் பொறியாளர்கள் கவனிக்காமல் இல்லை. அவர்கள் கவனித்தது காருக்குள் இருந்த கண்ணை. காருக்கு அடியில் குறைந்துவந்த இடைவெளியை அல்ல.

ஆயினும் அந்தக் கண் அடிப்பாகத்தையும் சேர்த்தே காத்தது. பிற்கால அமெரிக்க விதிப்படி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்கான சாலை முகட்டில், இரு சாய்வுகளுக்கும் உள்ள வேறுபாட்டின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் குறைந்தது 7 மீட்டர் நீள வளைவு வேண்டும். வேறுபாடு 6 சதவீதமானால் 42 மீட்டர். அந்த வளைவின்மேல் 11 மீட்டர் இடைத்தூர டிரெய்லர் நின்றால் அதன் அடியில் சாலை எழும் உயரம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். 13 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள வண்டிக்கு இது ஒன்றுமே இல்லை. பார்வைத் தூரத்துக்காக வகுத்த எந்த நெடுஞ்சாலையிலும் அடி தட்டும் பேச்சுக்கே இடமில்லாமல் போனது இதனால்தான். சிக்கல் ஒதுங்கிய இடங்கள் வேறு: வண்டி நின்று போக வேண்டும் என்பதால் பார்வைத் தூரக் கணக்கு தேவையில்லை என்று விடப்பட்ட சந்திப்புகள், வீட்டு வாசல்களிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவுகள், படகுத்துறைகள், எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்த்தெருக்கள் இருப்புப்பாதையைக் கடக்கும் இடங்கள்.

இதே காலத்தில் மறுபக்கத்திலிருந்து மிகத் தாழ்ந்த வண்டிகள் சாலைக்கு வந்தன. புல்டோசரையும் மண்வெட்டி இயந்திரத்தையும் மின்மாற்றியையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்ல உருவான தாழ்தள டிரெய்லரில், சுமைத்தளம் முன்பக்கச் சக்கரத் தொகுதிக்கும் பின்பக்கச் சக்கரத் தொகுதிக்கும் நடுவே தொட்டில்போலத் தொங்குகிறது. தளம் அவ்வளவு கீழே இறங்குவதற்குக் காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் வண்டியின் மொத்த உயரம் 13 அடி 6 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்ற சட்டம் நிலைபெற்றது. பழைய மேம்பாலங்கள் அந்த அளவுக்குத்தான் இடம் தந்தன. இயந்திரத்தின் உயரத்தைக் குறைக்க முடியாது என்பதால் அதைச் சுமக்கும் தளம் குறைந்தது. மேம்பாலத்தில் மோதாமல் தப்புவதற்காகக் கொடுத்த அங்குலங்கள் அடியில் எடுக்கப்பட்டன. வீட்டுச் சாமான் ஏற்றும் நீண்ட லாரிகளும், புதுக்கார்களை இரண்டு அடுக்காகச் சுமக்கும் வண்டிகளும் இதே காரணத்துக்காக வயிறு தாழ்ந்தன. பயணிகளின் பெட்டிகளைத் தளத்துக்கு அடியில் வைக்கும் நெடுந்தூரப் பேருந்துகள் சக்கர இடைத்தூரத்தில் நீண்டன.

இனி இருப்புப்பாதையின் பக்கம். தண்டவாளம் பதிந்திருக்கும் கட்டைகளுக்கு அடியிலும் பக்கங்களிலும் நிரப்பப்படும் கருங்கல் சரளை, ரயிலின் அதிர்வில் நாளடைவில் அமுங்கும். மண் கலந்து நீர் வடியாமலும் போகும். அதைச் சரிசெய்யும் பராமரிப்பில் பாதையைச் சற்றுத் தூக்கி, புதுச் சரளையைக் கொட்டி, கட்டைகளுக்கு அடியில் இடித்து இறுக்குவார்கள். பாதையைத் தோண்டித் தாழ்த்துவதைவிடத் தூக்கிச் சரளை இடுவது மலிவானது, விரைவானது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளம் சில சென்டிமீட்டர் உயர்கிறது. ஒரு முறைக்கு ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கு சுற்றில் 20 சென்டிமீட்டர். நூறு ஆண்டுகளுக்கு முன் தெருவின் மட்டத்திலேயே போடப்பட்ட பாதை, தெரு அசையாமல் இருக்க, மெல்ல மெல்ல ஒரு மேட்டின் முதுகில் ஏறி அமர்ந்துகொள்கிறது. பாதை வளைவில் செல்லும் இடத்தில் வெளித்தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிட உயர்த்திப் பதிக்கப்படுவதால், இரட்டைப் பாதையாக இருந்தால் சாலை ரம்பத்தின் பற்களைப்போல இரு முறை ஏறி இறங்கும் நிலையும் உண்டாகிறது.

தண்டவாளத்துக்கு நடுவிலும் அதன் வெளிப்புறத்தில் ஓரிரு அடி தூரம்வரையும் உள்ள தளம் அமெரிக்காவில் பொதுவாக ரயில்வேயின் பொறுப்பு. அதற்கு அப்பால் உள்ள ஏற்றம் நகராட்சியுடையதோ மாவட்டத்துடையதோ மாநிலத்துடையதோ ஆகும். உயர்த்துவது ஒருவர், அதனால் செங்குத்தாகிப்போன ஏற்றத்தை நீட்டிச் செப்பனிட வேண்டியவர் மற்றொருவர். இருவரும் சட்டப்படி தத்தம் எல்லைக்குள் ஒழுங்காகவே நடந்துகொண்டிருக்கும்போதே, எந்த வரைபடத்திலும் வரையப்படாத, எந்தப் பொறியாளரும் கையெழுத்திடாத ஒரு மேடு ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டிருந்தது. வேறு எந்தச் சாலைக் குறைக்கும் இவ்வளவு நேர்த்தியான அநாதைத்தனம் வாய்த்ததில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

செலவை யார் ஏற்பது என்ற வழக்கும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில்வேதான் பிற்பாடு வந்தது என்பதால் சாலையைப் பழைய பயன்பாட்டு நிலைக்குக் கொண்டுவரும் கடமை அதன் தலையில் வைக்கப்பட்டது. மோட்டார் வாகனங்கள் பெருகிய பிறகு இந்த நியாயம் ஆட்டம் கண்டது. 1935இல் டென்னசி மாநிலத்திலிருந்து வந்த நாஷ்வில் ரயில்வே வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி லூயி பிராண்டைஸ் எழுதிய தீர்ப்பு, லாரிகளுக்கும் கார்களுக்கும் வசதியாகச் சாலையை மேலேயோ கீழேயோ எடுத்துச் செல்லும் செலவில் பெரும்பங்கை ரயில்வேமீது சுமத்துவது எப்போதும் நியாயமாகிவிடாது என்பதை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு பொருளாதார மந்தநிலைக்கால வேலைவாய்ப்புத் திட்டத்தில் 20 கோடி டாலர் கிராசிங்குகளுக்காக ஒதுக்கப்பட்டது. பின்னர் 1973ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் கிராசிங் பாதுகாப்புக்கென்றே கூட்டரசின் தொடர்நிதியை உண்டாக்கியது. அதில் பெரும்பகுதி மின்னும் விளக்குகளுக்கும் தானியங்கித் தடுப்புக் கம்பங்களுக்கும் சென்றது. அவை பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் விளக்கும் கம்பமும் பாதைக்கு வந்துகொண்டிருப்பவருக்குத்தான் உதவும். பாதையின்மேல் ஏற்கெனவே அடி தட்டி நிற்பவருக்கு அவை ரயில் வருவதை அறிவிப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

எச்சரிக்கை நேரம் எவ்வளவு குறுகியது என்பதைப் பிரிட்டனின் ஹிக்ஸன் விபத்து வெளிப்படுத்தியது. 1968 ஜனவரி 6ஆம் நாள் ஸ்டாஃபோர்ட்ஷயரில் 120 டன் மின்மாற்றியைச் சுமந்த, 148 அடி நீளமான வண்டி, புதிதாகத் தானியங்கி அரைத் தடுப்புக் கம்பம் பொருத்திய கிராசிங் ஒன்றை மணிக்கு இரண்டு மைல் அளவிலான வேகத்தில் கடந்துகொண்டிருந்தது. அந்த வேகத்தில் தன் நீளத்தைக் கடக்கவே அதற்கு ஏறத்தாழ 50 வினாடி வேண்டும். விளக்கு எரியத் தொடங்கியதிலிருந்து ரயில் வருவதற்குக் கிடைத்த நேரமோ 24 வினாடி. பதினொருவர் இறந்தனர். இந்த வண்டி மேட்டில் சிக்கியதன்று. எனினும், மெதுவாகவும் நீளமாகவும் தாழ்வாகவும் செல்லும் வாகனத்தைக் கிராசிங்கின் வடிவமைப்பில் சேர்த்தே ஆக வேண்டும் என்பதை முதலில் பெரிய அளவில் உணர்த்தியது அதுதான்.

அமெரிக்காவில் மேட்டுக்கென ஓர் அளவு மெல்ல உருவாயிற்று. ரயில்வேப் பொறியாளர் சங்கத்தின் கையேட்டிலும் நெடுஞ்சாலைக் கொள்கை நூலிலும் இடம்பெற்ற அந்த விதி இரண்டு எண்களில் அடங்குகிறது: தண்டவாளத்தின் வெளிப்புறம் இரண்டு அடி தூரம்வரை சாலை தண்டவாளத்தின் மேல்மட்டத்திலேயே இருக்க வேண்டும், தண்டவாளத்திலிருந்து 30 அடி தள்ளிய புள்ளியில் சாலைமட்டம் தண்டவாள மட்டத்தைவிட மூன்று அங்குலத்துக்கு மேல் உயரவோ தாழவோ கூடாது. ஏறத்தாழ ஒன்பது மீட்டருக்கு ஏழரை சென்டிமீட்டர் என்ற இந்த வரம்புக்குள் நிற்கும் ஒற்றைப் பாதைக் கிராசிங்கில், முன்பு சொன்ன 11 மீட்டர் டிரெய்லரின் அடியில் சாலை எழுவது நான்கு சென்டிமீட்டர் அளவே. விதி நல்லது, ஆனால் அது புதிதாகக் கட்டுவோருக்கும் மறுகட்டுமானம் செய்வோருக்குமான வழிகாட்டல். நாடெங்கும் ஏற்கெனவே இருந்த ஏறத்தாழ இரண்டு லட்சம் கிராசிங்குகளைத் தேடிப்போய் அளந்து திருத்தும் கட்டாயம் எதையும் அது விதிக்கவில்லை.

1993 நவம்பர் 30ஆம் நாள் ஃபுளோரிடா மாநிலத்தின் இன்டர்செஷன் சிட்டியில், மின் நிலையம் ஒன்றுக்காக 82 டன் டர்பைனை ஏற்றிவந்த வண்டியின்மேல் பயணிகள் ரயில் மோதியது. வண்டியின் சுமைத்தளம் கிராசிங்கில் தட்டியதால், ஊழியர்கள் அதை உயர்த்தும் வேலையில் ஈடுபட்டிருந்தனர்; வண்டி கடக்கப்போவதை ரயில்வேக்கு முன்கூட்டியே யாரும் தெரிவித்திருக்கவில்லை. உயிரிழப்பு இல்லை, 59 பேர் காயமடைந்தனர். 1995 மே 2ஆம் நாள் தென் கரோலினாவின் சிகமோரில் மேடான கிராசிங்கில் சிக்கிய தாழ்தள டிரெய்லர்மேல் இன்னொரு பயணிகள் ரயில் மோதியது. இரண்டையும் விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், சாலையின் செங்குத்து வடிவத்தையும், சிக்கியவர் ரயில்வேயை எப்படித் தொடர்புகொள்வது என்பதையும் சேர்த்தே பேசத் தொடங்கியது. கிராசிங்குகளில் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை எழுதிவைக்கும் பழக்கத்தை டெக்சாஸ் மாநிலம் 1983இலேயே தொடங்கியிருந்தது. நாடு முழுவதற்கும் அது சட்டமாக வேண்டுமானால் 2008ஆம் ஆண்டின் ரயில் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அமெரிக்கக் கிராசிங்குகளில் காணப்படும் சிறிய நீலப் பலகை, அதில் கிராசிங்கின் தனி எண்ணும் தொலைபேசி எண்ணும், அந்தச் சட்டத்தின் பயன்.

மேடு அரசின் பார்வைக்குள் வந்தது மேடே இல்லாத ஒரு விபத்தால். 1995 அக்டோபர் 25ஆம் நாள் இல்லினாய் மாநிலத்தின் ஃபாக்ஸ் ரிவர் குரோவில் சிக்னலுக்காக நின்ற பள்ளிப் பேருந்தின் பின்பகுதி பாதையின்மேல் நீட்டிக்கொண்டிருந்தது. ரயில் மோதி ஏழு மாணவர்கள் இறந்தனர். நாட்டை உலுக்கிய அந்தச் சம்பவத்தை அடுத்துப் போக்குவரத்துத் துறை அமைத்த குழு 1996 மார்ச்சில் அளித்த அறிக்கை, நிகழ்ந்திருக்கவே கூடாத விபத்துகளைப் பற்றியது. சிக்னல் இணைப்பு, வண்டி நிற்க இடம் போன்றவற்றோடு, மேடான கிராசிங்குகளும் தாழ்ந்த வண்டிகளும் என்ற பொருளையும், பெருஞ்சுமை வண்டிகளுக்கான சிறப்பு அனுமதியையும் அந்த அறிக்கை தனித்தனித் தலைப்புகளாக எடுத்துக்கொண்டது. அனுமதி வழங்கும் அலுவலகங்கள் வழியில் உள்ள பாலங்களின் தாங்குதிறனையும் மேலே உள்ள இடைவெளியையும் சரிபார்த்தன. கீழே உள்ள இடைவெளியைப் பெரும்பாலும் எவரும் கேட்கவில்லை.

அதற்குள் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் எக் என்ற பொறியியல் பேராசிரியரும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தக் கணக்கைக் கணினிக்குக் கொண்டுசென்றிருந்தனர். மலைப்பாங்கான அந்த மாநிலத்தில் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஓடும் இருப்புப்பாதையைச் சாலைகள் அடிக்கடி செங்குத்தாக ஏறிக் கடக்கின்றன என்பதால், ஆய்வு அங்கே பிறந்தது இயல்பே. கிராசிங்கின் நெடுக்குவெட்டு உயரங்களையும் வண்டியின் இடைத்தூரம், தரை இடைவெளி, முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் ஆகியவற்றையும் கொடுத்தால், அந்த மென்பொருள் வண்டியைத் திரையில் சிறிது சிறிதாக நகர்த்தி எங்கே தட்டும் என்று சொல்லிவிடும். இதன் முக்கியத்துவம் கணக்கின் நுட்பத்தில் இல்லை. சாலை வடிவமைப்புக்கு அதுவரை அகலத்திலும் திரும்பும் வட்டத்திலும் மட்டும் மாதிரி வாகனங்கள் இருந்த நிலையில், தாழ்ந்த வாகனத்துக்கும் ஒரு மாதிரி வேண்டும் என்ற கருத்தை அது நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2000ஆம் ஆண்டின் சாலைக்குறியீட்டுக் கையேட்டில், தண்டவாளத்தின்மேல் வயிறு தட்டி நிற்கும் டிரெய்லரின் உருவம் பொறித்த மஞ்சள் பலகைக்கும் இடம் கிடைத்திருந்தது.

பலகை வைப்பது மேட்டை வெட்டுவதைவிட எளிது, சிக்கலும் அதில்தான். 2017 மார்ச் 7ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்சி நகரில், டெக்சாஸிலிருந்து முதியவர்களை ஏற்றிவந்த சுற்றுலாப் பேருந்து மெயின் தெருக் கிராசிங்கில் அடி தட்டி நின்றது. பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே சரக்கு ரயில் மோதி நால்வர் உயிரிழந்தனர். அங்கே எச்சரிக்கைப் பலகை இருந்தது. முன்பும் பல வண்டிகள் அங்கே சிக்கியிருந்தன. அந்தப் பலகையின் பொருள் தன் பேருந்துக்குப் பொருந்துமா என்று ஓட்டுநர் எப்படி அறிவார்? பலகை எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்வதில்லை. ஓட்டுநருக்கும் தன் வண்டியின் தரை இடைவெளி மனப்பாடமாக இருப்பதில்லை. மேம்பாலத்தில் உயரத்தை அடி அங்குலமாக எழுதும் வழக்கம், கீழே உள்ள இடைவெளிக்கு வரவேயில்லை. 2018இல் வெளியான விசாரணை முடிவு, வண்டிகள் சிக்குவது தெரிந்திருந்தும் ரயில்வே நிறுவனமும் நகராட்சியும் ஒருங்கிணைந்து அந்தக் கிராசிங்கைத் திருத்தாததையே காரணமாகச் சுட்டியது. எந்த அளவு மேட்டுக்குப் பலகை வைக்க வேண்டும், எந்த அளவுக்கு மேல் பலகை போதாமல் சாலையையே திருத்த வேண்டும் என்ற வரையறை இல்லாததையும் குறையாகக் கண்டது.

இதற்கிடையில் சாலைத் துறைகள் தாமே மேடு கட்டத் தொடங்கியிருந்தன என்பது இந்த வரலாற்றின் விநோதமான கிளை. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன் 1953இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்க மேடுகளை வடிவமைத்தார். பிரிட்டனின் அரசுச் சாலை ஆய்வகத்தில் வாட்ஸ் என்பவர் 1973இல் வெளியிட்ட ஆய்வு, 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வட்டவில் வடிவத்தைப் பரிந்துரைத்தது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட வேகத்தடை வழிகாட்டியும் அதே 3.7 மீட்டரையும் 10 சென்டிமீட்டரையும் 17 மீட்டர் ஆரத்தையும் எடுத்துக்கொண்டது. 2.6 மீட்டர் இடைத்தூரக் கார் ஒன்று இதன் உச்சியில் நடுவாக நிற்கும்போது நான்கு சக்கரங்களும் வேகத்தடையின்மேலேயே இருக்கும். அடியில் சாலை எழுவது ஐந்து சென்டிமீட்டர்தான். தமிழ்நாட்டுத் தெருக்களில் ஊரார் கேட்டதற்காகவோ ஒப்பந்தக்காரர் மிச்சத் தாரைக் கொட்டியதாலோ எழும் அரை மீட்டர் அகல வேகத்தடையில், அதன் உயரம் 15 சென்டிமீட்டரானால், சக்கரங்கள் இருபுறமும் தரையில் நிற்க, முழு 15 சென்டிமீட்டரும் காரின் வயிற்றுக்கு நேராக எழுகிறது. ஐந்து பேர் ஏறிய கார் அங்கே உரசுவதற்குக் காரணம் உயரம் மட்டுமன்று, நீளமின்மையும்தான். இந்தியச் சந்தைக்கென வரும் கார்களின் விளம்பரங்களில் கிரவுண்ட் கிளியரன்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்பது மைலேஜுக்கு அடுத்த இடத்தில் நிற்பதற்கும் இதுவே விளக்கம்: சாலை தராத இடைவெளியை வாங்குபவர் கடையில் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

இந்திய ரயில்வே இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது. அகலப்பாதைகளில் இருந்த ஆளில்லா லெவல் கிராசிங்குகள் அனைத்தும் 2019 ஜனவரி இறுதிக்குள் அகற்றப்பட்டன. சில மூடப்பட்டன, சிலவற்றில் ஆட்கள் நியமிக்கப்பட்டனர், பல இடங்களில் பாதைக்கு அடியில் குறைந்த உயரச் சுரங்கப்பாதை தோண்டப்பட்டது. ரயில் மோதும் அபாயம் அங்கே முற்றிலும் நீங்கியது. சாலையின் வடிவம் மட்டும் தலைகீழாயிற்று. மேடு பள்ளமானபோது அச்சுகளுக்கு நடுவே உள்ள வயிற்றுக்குப் பதிலாக, முன்சக்கரத்துக்கு முன்னும் பின்சக்கரத்துக்குப் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள் தரையைத் தொடுகின்றன. இறக்கம் சமதளமாக மாறும் இடத்தில் வளைவு போதாவிட்டால் காரின் முன்பம்பரும், ஏற்றம் தொடங்கும் இடத்தில் பேருந்தின் பின்புறமும் உரசும். வளைவை நீட்ட வேண்டுமானால் அணுகுசாலையை நீட்ட வேண்டும், அதற்கு நிலம் வேண்டும். இருபுறமும் வீடுகளும் வயல்களும் நெருங்கியுள்ள ஊர்களில் பிரிண்ட்லி காலத்துக் கால்வாய் நிறுவனங்கள் செய்த அதே கணக்கை ரயில்வேயும் செய்கிறது. மழைநீர் தேங்குவது தனிக்கதை. கரும்பு ஏற்றிய டிராக்டரும் அறுவடை இயந்திரத்தைச் சுமந்த டிரெய்லரும் சுரங்கப்பாதையின் உயரத் தடுப்புக் கம்பியைக் கண்டதும் திரும்பி, ஆள் இருக்கும் அடுத்த ரயில்வே கேட்டைத் தேடிச் சில கிலோமீட்டர் சுற்றிச் செல்கின்றன; அங்கே தண்டவாளம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது மீதி.